காய்ந்த பல்லின் நிறம்

பல் கட்டும் லேபில் அவளுக்கு வைத்த பெயர் மியூட்டு. கடைசிவரை அது மாறவில்லை. முன்பல்லுக்குக் கேப், அதாவது மேலுறை, செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் யாரிடமும் பேசப் பயம், போனில்கூட. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி, வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்ப்பதற்குள் மணி நின்றுவிடும். அண்ணன் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனான். எட்டாவது வாரம் பொறுக்க முடியாமல், "எப்ப மேடம் முழுசா சரியாகும்?" என்று கேட்டான். "குறையும். முழுசாப் போகுமான்னு சொல்ல முடியாது" என்றார் அவர். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்கு என்னவோ பாரம் இறங்கியது போலிருந்தது.

அந்த வருடம் ஒரு மருத்துவர் ஒரே முன்பல்லை மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் ஒரே குறைதான்: வெள்ளை ஜாஸ்தி. பல் எந்த நிறம் என்று காட்டும் எண் அவரே எழுதிக் கொடுத்தது.

"நாலாவது தடவையும் திரும்பி வந்தா முன்பல் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா" என்றார் முதலாளி. "நீ அச்சுக்கு மாவு கலக்கப் போயிடு."

பிழை எங்கே என்று அவளுக்குத் தெரியும். நிறம் பார்த்த நேரம் மருத்துவர் அனுப்பிய சீட்டிலேயே இருந்தது: பல்லைச் செதுக்கி முடித்த பிறகு. வெகுநேரம் திறந்திருக்கும் வாயில் பற்கள் காய்ந்து வெளுத்துவிடும். எச்சில் ஊறினால் பழைய நிறம் வரும். மருத்துவர் காய்ந்த பல்லுக்கு எண் எழுதியிருந்தார்.

"வாட்ஸப்ல தட்டிவிடேன் மியூட்டு" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"தட்டியாச்சு. பாத்துட்டு பதில் போடல."

"அப்ப போன்ல சொல்லு."

"அதுக்கு நேர்லயே போய்ச் செத்துடலாம்."

மருத்துவரின் கிளினிக்குக்கே போனாள். அந்தப் பல்லுக்குரிய பஸ் கண்டக்டர் வாயில் பஞ்சோடு நாற்காலியில் படுத்திருந்தார். அவள் தான் எழுதி வந்த சீட்டை ஒளிக்காமல் பிரித்து, பார்த்தே படித்தாள். ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டாள். நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கை என்ன இப்படி நடுங்குது? இந்தக் கையாலயா பல்லு பண்றீங்க?" என்றார் மருத்துவர்.

"பல்லு பண்ணும்போது நடுங்காது சார். உங்ககிட்ட பேசும்போதுதான். அது பாட்டுக்கு நடுங்கட்டும், நீங்க நான் சொல்றதக் கேளுங்க. இவரு வாய மூடிட்டு அரை மணி நேரம் உக்காரட்டும். அப்பவும் அதே நிறம் இருந்தா நான் மாவு கலக்கப் போறேன்."

பேசியதைவிடக் காத்திருந்ததுதான் கொடுமை. கூடத்தில் பதினோரு பேர். பதினோரு பேரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. வாசல் நாலடியில் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த கண்டக்டர், "உங்களுக்கு எந்தப் பல்லும்மா?" என்றார்.

"உங்களோடது" என்றாள். அவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை.

அரை மணி கழித்துப் பார்த்தால் பற்கள் இரண்டு எண் மங்கலாக இருந்தன. மருத்துவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினார்.

"இனிமே செதுக்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க சார்" என்றாள்.

"பாத்தியா, பயம் போயிடுச்சு" என்றான் அண்ணன், அன்று மாலை.

"போகலண்ணா. வாந்தி எடுத்துட்டுத்தான் உள்ள போனேன். நாளைக்கு வேற டாக்டர்கிட்ட போகணும், அங்கயும் எடுப்பேன்."

"அப்ப இது சரியாகவே ஆகாதா?"

"ஆகட்டும், ஆகாமப் போகட்டும். எதுவானாலும் முன்பல் வேலைய யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்."