இரட்டைப் பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச்

பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அவள் அந்த ரகம் இல்லை. பூட்டியதைத் திறந்து, மறுபடி பூட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறும். கேஸ் அடுப்பும் அப்படித்தான். மூடியிருக்கும் குமிழைத் திறந்து, ‘உஸ்’ கேட்டு, மூடிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

“சும்மா இருக்கிற கேஸை எதுக்குத் தட்டி எழுப்பற?” என்பார் அவள் புருஷன். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

அவள் வீட்டிலிருந்தபடியே எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போட்டுத் தருபவள். பள்ளிச் சட்டையின் சின்னம், ஓட்டல் துண்டில் பெயர், இப்படி. ஊசி எங்கே குத்தி எங்கே திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அவள் வரைந்து வைத்தால்தான் மெஷின் தைக்கும். பதினோரு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் டிசைன்கள், எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில். மூணு வருஷம் தலைகாட்டாத ஆள் திடீரென்று வந்து “அதே சின்னம்தாங்க” என்பான். எடுத்துக் கொடுக்க முடியாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை.

அந்த டிஸ்க் செவ்வாய்க்கிழமை ‘டிக் டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

கடைக்காரர் இரண்டு பொருளை எடுத்து வைத்தார். ஒன்று, பெரிய ஒற்றை டிஸ்க். இன்னொன்று, இரண்டு டிஸ்க்குகள் உட்கார்ந்த கறுப்புப் பெட்டி.

“இதுல நீங்க எது போட்டாலும் ரெண்டுலயும் பதிவாகும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு அப்படியே இருக்கும்.”

“ரெண்டும் ஒரே நாள்ல செத்தா?”

“அம்மா, அப்படிப் பாத்தா நானும் நீங்களும்கூடத்தான்.”

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். “ரெட்டையையே வாங்கு. லிஃப்டைத் தாங்க ஒரு கயிறே போதும், நாங்க நாலு மாட்டறோம்ல?” என்றார் அவர்.

கடைக்காரர் பெட்டியைத் தயார் செய்து மூடும்போது இன்னொன்றும் சொன்னார். “டிஸ்க் கெட்டா இது காப்பாத்தும். நீங்களே அழிச்சா ரெண்டும் சேர்ந்தே அழிக்கும், பாத்துக்கங்க.”

“நான் எதுக்கு அழிக்கப் போறேன்?” என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே.

அன்று மத்தியானமே எல்லாம் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. இரண்டு பச்சை விளக்குகள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவளுக்கு ஒரு தாராளம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த புருஷனிடம் பழைய டிஸ்க்கை நீட்டினாள். “உள்ளே நல்ல காந்தம் இருக்கும், கழட்டிக்கறேன்” என்று அவர் அதைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, பெட்டியின் பின்பக்கத்தைத் துடைக்கும்போது அந்தச் சுவிட்சைப் பார்த்தாள். பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தபடி, ஒரு பக்கம் தள்ளினால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பதிவு. மறுபக்கம் என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய டிஸ்க். கடைக்காரர் சரியான பக்கம்தான் வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கண்ணால் பார்த்து அவள் எதை நம்பினாள்?

மறுபக்கம் தள்ளினாள். கூடவே சின்னப் பொத்தானையும் அமுக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. அமுக்கினாள். மறுபடி பழைய பக்கம் தள்ளி, மறுபடி அமுக்கினாள். பூட்டைத் திறந்து பூட்டிய திருப்தி.

கம்ப்யூட்டர், புது டிஸ்க் ஒன்று மாட்டியிருக்கிறீர்கள், தயார் செய்யட்டுமா என்று கேட்டது.

தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எழுதியிருந்தது: சுவிட்சை மாற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

புருஷனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தால் எடுக்க மாட்டார். ஒன்பது முறை அடித்தாள். நடுவில் போய்க் கேஸ் குமிழைத் திறந்து மூடினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். “என்னாச்சு, வீடு பத்திக்கிச்சா?”

“அந்த டிஸ்க்கைப் பிரிச்சிட்டீங்களா?”

“டீ குடிக்கிறப்போ உக்காந்தேன். நாலு ஸ்க்ரூவுல மூணு கழட்டிட்டேன். நாலாவது மொண்டி பண்ணுது.”

“தொடாதீங்க! கையை எடுங்க! அப்படியே கொண்டாங்க!”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். டிஸ்க்கைச் சாப்பாட்டுத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மூன்று ஸ்க்ரூவையும் முதலில் மாட்டினார். பிறகு கம்ப்யூட்டரில் சொருக, அது ‘டிக் டிக்’ என்று முனகிக்கொண்டே ஆறு மணி நேரம் டிசைன்களைப் பெட்டிக்கு ஏற்றியது. நடுவில் இரண்டு முறை நின்றது. அந்த இரண்டு முறையும் அவள் மூச்சும் நின்றது. கடைசியில் இருபத்து மூன்று டிசைன்கள் வரவில்லை. மிச்சம் எல்லாம் வந்துவிட்டன.

அவர் திட்டவில்லை. கருவிப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பெட்டியின் பின்பக்கம் தொங்கவிட்டார். லிஃப்ட் கதவில் மாட்டுவது: ‘பழுது வேலை நடக்கிறது. சுவிட்சைத் தொடாதீர்கள்.’

“நாளைக்கு அந்த ஒத்தை டிஸ்க்கையும் வாங்கிடலாம்” என்றாள் அவள். “அதுல சுவிட்ச் இல்ல.”

“பழசு?”

அவள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கை சாவியிலேயே நின்றது. அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“திறந்து பாரு” என்றார் அவர். “பூட்டுதானே, ஒண்ணும் அழியாது.”