தப்பான கட்டை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். தைத்து வரும் தோலில் குறை இருந்தால் திருப்பி அனுப்புவது என் வேலை. சத்தம் போடாமல் திருப்ப எனக்குத் தெரியாது. அன்று காலை, பத்து வருடமாகத் தைக்கிற ஒருத்தியின் வேலையைத் திருப்பியிருந்தேன். ஓரிடத்தில் தையல் விலகியிருந்தது. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது.

மதியச் சாப்பாட்டுக்கு அவள்தான் என் எதிரே உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து, எனக்குப் பைத்தியமாகப் பிடித்த ஜாஸ் பியானோக்காரரின் வீடியோவைப் போட்டேன். மனிதர் பாதி நேரம் ஸ்டூலில் உட்காரவே மாட்டார். இடது கை ஒரே தாளத்தில் ஓட, வலது கை தன் இஷ்டத்துக்குப் பறக்கும்.

அவளும் எட்டிப் பார்த்தாள். "மணிக்கட்டு எவ்ளோ லூசா வச்சிருக்காரு பாருக்கா. அதான் இவ்ளோ வேகம் வருது" என்றாள். எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு அது கண்ணில் பட்டதில்லை.

அப்போது அந்த இடம் வந்தது. அவர் விரல் வழுக்கித் தப்பான கட்டையில் விழும், முகம் சுளிக்கும். அடுத்த சுற்றில் அதே கட்டையை வேண்டுமென்றே அழுத்துவார். அதற்கடுத்த சுற்றிலும் அழுத்துவார். பிறகு அது இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை என்றாகிவிடும்.

"தப்பை எப்டி அழகாக்கிட்டாரு, பாத்தியா?" என்றேன்.

அவள் டப்பாவை மூடினாள்.

"அவருக்கு செக்கர் இல்ல போலக்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.