திரிய வைத்த பால்

எங்கள் தோட்டத்து லய வீடுகளின் மேல் மழை பதினெட்டு நாளாக விடவில்லை. என் மனைவியின் வயிற்றில் பதினோரு நாளாக எதுவும் தங்கவில்லை. விஷக்காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆளை எழுப்பாமல் போய்விட்டது. கஞ்சி, இளநீர், ரொட்டி, எல்லாம் போன வேகத்தில் திரும்பின. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வாசலிலேயே நின்று சொன்னார்: "இனி மருந்துல ஒண்ணுமில்ல. அவளாக் கேட்டு ரெண்டு வாய் தின்னா பிழைப்பா."

அவளாகக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது, "அபுராகே" என்றாள்.

"அப்புறம் கிப்புறம் இல்ல மதினி, இப்பவே குடிக்கணும்."

எனக்குத்தான் புரிந்தது. மலாயாவில் சப்பான் துரை ஒருவரின் பங்களாவில் நான் சமைக்கும் குசினிக்காரனாக இருந்தேன். அவள் பாத்திரம் தேய்ப்பவள். சோயாப் பயற்றின் பாலைக் கட்டியாக்கி, மெலிதாக அரிந்து, எண்ணெயில் இருமுறை பொரிக்கும் பண்டம்தான் அபுராகே. மிஞ்சியதை அடுப்படியில் நின்றே சிரித்துக்கொண்டு தின்போம். அப்படிச் சிரித்துத் தின்ற வாயா இது?

அங்கிருந்து விதைக்கென்று கொண்டுவந்த பயறு இரண்டு பிடி, பெட்டியடியில் கிடந்தது. வண்டிப்பெரியாறு முழுக்கத் தேடினாலும் மூன்றாவது பிடி கிடைக்காது. ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி, பழஞ்சேலைத் துணியில் பிழிந்தேன். அந்தப் பால் கட்டியாக உப்பின் கசப்பு நீர் வேண்டும். கடைக்கு ஓடினேன். ஈரத்தில் உப்பு மூட்டை கசிந்து, கீழே தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதையா கேக்கிறீரு? மூட்டை அழுத கண்ணீருய்யா இது. உம்ம வீட்டுல இருக்கறது பத்தலையா?" என்றார் கடைக்காரர். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சீசாவில் ஊற்றித் தந்தார்.

சூடான பாலில் கரண்டி கரண்டியாக விட்டேன். வெண்மை பிளந்தது. தெளிந்த மஞ்சள் நீரில் திட்டுத் திட்டாகப் பால் திரிந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. பாரம் வைக்கக் கல் பொறுக்க ஓடைக்கு இறங்கினேன். கல்லோடு திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரி சட்டியை லயத்தின் பின்னால் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்காளி கெடக்கற வீட்டுல பால் திரிஞ்சு நிக்கலாமாண்ணே? நல்லவேள, மதினி பாக்கறதுக்குள்ள ஊத்திட்டேன்."

நான் கத்தவில்லை. கத்தினால் உள்ளே கேட்கும்.

"அது திரியணும் தாயி. திரிய வச்சதே நான்தான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சேற்றில் குனிந்தாள். அள்ள எதுவுமில்லை.

சட்டியடியில் ஒட்டியிருந்தது ஒரு பிடி. துணியில் கட்டி, கல்லை ஏற்றி, நீர் வடியக் காத்திருந்தேன். ஈரம் நின்றால் எண்ணெயில் வெடித்துச் சிதறும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு அது நரகம். அரிந்தால் ஒரே வில்லை. முதலில் சூடு குறைந்த எண்ணெயில் போட்டேன், மெல்லப் புடைத்தது. பிறகு நன்றாகக் காய்ந்த எண்ணெயில், சிவந்தது. வெந்நீர் ஊற்றிப் பிசுக்கைக் கழுவி, நகத்தளவு நகத்தளவாகக் கிள்ளி மனைவிக்கு ஊட்டினேன்.

மென்றாள். அவள் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம் நானும் பக்கத்து வீட்டுக்காரியும். இறங்கியது. நின்றது. அடுத்ததும் நின்றது. வில்லை தீர்ந்தது.

"இன்னொண்ணு தாங்க," என்று வாயைத் திறந்தாள். மூடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போனாள்.

"சூடா இருக்கு புள்ள, ஆறட்டும்," என்றேன். அவள் கண்ணுக்கு எட்டாத தாழ்வில் பிடித்துக்கொண்டு, வெறும் தட்டை விசிறத் தொடங்கினேன்.