ட்ரெய்லர் வரிசையை ஒட்டிய பள்ளி

காலை எட்டேகால் மணி. நான் முதலில் பார்த்தது கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்களின் வரிசை. திருவொற்றியூர் பக்கமிருந்து துறைமுகத்தை நோக்கி, பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எதுவும் நகரவில்லை. ஓர் ஓட்டுநர் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். வண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகும் அளவுக்கு வழி இருந்தது. அந்த வழியாக என் மகள் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவளுக்கு ஐந்து வயது. நான்கு மாதமாக அவள் பேசவில்லை.

ஆண்டவர் எனக்குச் செய்ததை நம் பங்கு மக்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன். ஒரு மாலை நாளிதழில் செய்தியாளராக இருந்தவள் நான். கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரி வரை அமலி வாய் மூடாமல் பேசுகிற பிள்ளை. கல்மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். ஒருநாள் வகுப்பில் எல்லாரும் தங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. இவள் எழுந்து, "எங்க நைனா வண்டில கீறாரு" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார், இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சிரித்தார்கள். இதெல்லாம் அவள் தோழியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமலி சொல்லவில்லை. அன்று மாலையிலிருந்து அவள் எதையுமே சொல்லவில்லை.

காது சரியாக இருக்கிறது, நாக்கும் சரியாக இருக்கிறது என்றார் மருத்துவர். வற்புறுத்த வேண்டாம், காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். பசித்தால் என் புடவையை இழுப்பாள். வலித்தால் சத்தமில்லாமல் அழுவாள். அந்தச் சத்தமில்லாத அழுகைதான் என்னை உடைத்தது. என் கணவர் சேவியர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் போக வரிசையில் ஒரு நாள் நிற்பார், சில சமயம் இரண்டு நாள். அங்கிருந்து போனில் கூப்பிட்டு, "பேசினாளா?" என்று மட்டும் கேட்பார். "இல்லை" என்பேன். உடனே போனை வைத்துவிடுவார்.

நாத்தனார் ரோஸி ஒரு வெள்ளி நாக்கு வாங்கி வந்தார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கண்ணுக்கு வேண்டினால் வெள்ளிக் கண், காலுக்கு வேண்டினால் வெள்ளிக் கால். கேட்டது கிடைத்த பிறகுதான் காணிக்கைப் பெட்டியில் போடுவோம். அவர் முன்கூட்டியே போடச் சொன்னார்.

"கெடச்சப்புறம்தானே போடணும், அண்ணி?"

"அட்வான்ஸ் குட்த்தா வேல சீக்கிரம் ஆவும். அந்தோணியாரு நாக்கே செத்தும் அழியாத நாக்கு. நம்ம பொண்ணுக்கு ஒரு வார்த்த குடுக்கமாட்டாரா?"

நான் போடவில்லை. அலமாரியில் வைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்தில் ஒரு பொருத்தனை செய்தேன். "எந்தப் பள்ளிக்குள் என் மகள் தானாக வாய் திறக்கிறாளோ, அந்தப் பள்ளியிலேயே சேர்ப்பேன். வேறு எதையும் பார்க்க மாட்டேன்." வார்த்தைகளைச் செய்திக்குத் தேர்ந்தெடுப்பதுபோலத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் நானே நழுவிவிடக் கூடாது என்பதற்காக.

பிறகு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் அவளை நிற்கவைத்துப் பெயர் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் சரியானதும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

கடைசியில் மீதமிருந்தது இந்த அரசுத் தொடக்கப்பள்ளி. அங்கே இருமொழி வகுப்பு தொடங்கியிருந்தார்கள். மதியம் வரை ஓர் ஆசிரியை தமிழில் நடத்துவார். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னோர் ஆசிரியை ஆங்கிலத்தில். கணக்கும் பாட்டும் இரண்டிலும் உண்டு. எனக்கு அங்கே போக மனமில்லை. தெருவே ட்ரெய்லர் வரிசை, தூசு, ஹாரன். இரண்டிலும் பாதிப் பாதி கற்று, ஒன்றும் முழுதாக வராமல் போய்விடுமோ என்ற பயம் வேறு. சேவியருக்கு அது புரிந்தது.

"இன்னாமே, அங்க போயி பேசிட்டான்னா மாட்டிக்குவன்னு பயமா?"

"ஆமா" என்றேன்.

"பேசட்டும்மே. எங்கனா பேசட்டும்."

தலைமை ஆசிரியை எங்களை நாள் முழுவதும் வகுப்பில் இருந்து பார்க்கச் சொன்னார். அமலியை அவர் எதுவும் கேட்கவில்லை. நான் என் பழக்கப்படி முதலில் கழிப்பறையைப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, தாழ்ப்பாள் இல்லை. வகுப்பறை ஜன்னல் விளிம்பைத் தடவினேன், விரல் கறுத்தது. சுவரில் படங்கள் பிள்ளைகளின் கண் உயரத்தில் இருந்தன. அது பிடித்தது. பின்வரிசையில் உட்கார்ந்தேன். அமலியை ஜன்னலோரமாக உட்காரவைத்தார்கள். பக்கத்துச் சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேசாங்காட்டி போ, பென்சிலு தா" என்று வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சேவியர் வண்டியிலிருந்து போனில் கூப்பிட்டார். டோல்கேட் தாண்டியாகிவிட்டது, வரிசை ஊர்கிறது என்றார். "பேசினாளா?" "இல்லை."

மதியம் ஆங்கில ஆசிரியை நூர்ஜஹான் வந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர். தொண்டை கட்டியிருந்தது. என் கேள்வியை அவரிடம் நேராகவே கேட்டேன். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பாதா?

அவர் சிரித்தார். "எங்க வூட்ல உருதும்மா. தெருவுல தமிளு. இங்கிலீஷு இஸ்கூல்ல வந்துதான் கத்துகினேன். மூணையும் வெச்சிகினு நான் இன்னா கெட்டா பூட்டேன்?"

இன்னொன்றும் அவரே சொன்னார். அவருடைய வேலை தற்காலிகமானது. ஏப்ரலுக்குப் பிறகு தெரியாது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பாடம் தொடங்கியது. ஆசிரியை ஆங்கிலத்தில் மட்டுமே கேட்டார். பிள்ளைகள் வாய்க்கு வந்த மொழியில் பதில் சொன்னார்கள். யாரையும் அவர் திருத்தவில்லை. பிள்ளை சொன்னதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். நடுவில் ஒரு பையன் எழுந்தான்.

"மிஸ், இந்தப் பொண்ணு ஊமயா?"

அப்போது மட்டும் அவர் ஆங்கிலத்தை விட்டார். "இல்லடா. கேட்டுகினு கீறா."

எனக்கு ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை. உண்மையைச் சொல்கிறேன். நான்கு மாதமாகக் கேட்டுக் கேட்டு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் கண் சொக்கியது. "ஆண்டவரே, முடியலை" என்று மனதுக்குள் சொன்னேன். அதுதான் அன்றைய என் ஜெபம்.

வெளியே வரிசை நகர்ந்தது. ஒரு வண்டி போய் இன்னொரு வண்டி ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. சுற்றுச்சுவருக்கு மேலே, ஓட்டுநர் இருக்கை எங்கள் ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. அமலி பெஞ்சில் ஏறி நின்றாள்.

"நைனா! எங்க நைனா கீறாரு!"

நான் எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சேவியர் ஸ்டியரிங்குக்கு மேலே பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆசிரியை சாதாரணமாக, அப்பா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"துன்னுகினு கீறாரு."

ஆசிரியை அதை ஆங்கிலத்தில் சொன்னார். வகுப்பு அதைத் திருப்பிச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. ஊமையா என்று கேட்ட பையன் மட்டும் ஜன்னலுக்கு ஓடிவந்து, "எங்க நைனாவும் லைன்லதான் கீறாரு, பின்னால வருவாரு பாரு" என்றான். சேவியர் மகளின் குரலைக் கேட்டுத் திரும்பினார். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. பின்வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வரிசை நகர்ந்தது, அவரும் போக வேண்டியதாயிற்று.

எந்தக் குறைக்காக அந்தப் பள்ளி வேண்டாம் என்று நினைத்தேனோ, அந்த வரிசையைக் கொண்டே ஆண்டவர் என் பிள்ளையின் வாயைத் திறந்தார். எந்தச் சொல்லுக்காக அவளைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்தச் சொல்லையே முதலில் கொடுத்தார். அன்று மாலையே சேர்த்தேன். மறுநாள் வீடு வந்த சேவியர், "நானு லைன்ல நின்னது ஒரு நாளாவது பிரயோஜனமாச்சு" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை வெள்ளி நாக்கை அமலியே பெட்டியில் போட்டாள். "அட்வான்ஸ் இல்லாமயே முட்ச்சி குட்த்துட்டாரு" என்று ரோஸி அண்ணி கோயில் வாசலில் எல்லாரிடமும் சொன்னார்.

என் களைப்பு தீரவில்லை. தூசியில் அவளுக்கு இருமல் வருகிறது. தாழ்ப்பாளுக்காக இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். நூர்ஜஹான் ஆசிரியையின் வேலைக்காக இப்போது தினமும் மன்றாடுகிறேன். ஆனால் முன்பு ஆண்டவரிடம் காரணங்களோடு வாதாடுவேன். இப்போது "முடியலை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். உங்களில் யாருக்காவது ஜெபிக்க வார்த்தை இல்லாமல் போயிருந்தால், அந்த ஒரு சொல்லை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது போதும்.

இன்று காலையும் வரிசை நகரவில்லை. வண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே அமலி எனக்கு முன்னால் நடந்தாள். பள்ளி வாசல் வரை பேசிக்கொண்டே போனாள்.