மொட்டை மாடியில் இரண்டு துப்பறிவாளர்கள்

ஓய்வுபெற்ற பல் டாக்டரும் ஒரு பஸ் கண்டக்டரும் சேர்ந்து கொலையாளியைக் கண்டுபிடிக்கும் நாவல் அது. பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்கை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். படுமட்டமான புத்தகம். இதை இப்போது சொல்கிறேன். அப்போது இரண்டு முறை படித்தேன். கொடுத்தவர், திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தெற்கத்திக்காரர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த நாவலும், எல்லோரையும்விட எங்களுக்கு மூளை அதிகம் என்ற நினைப்பும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் தன் கல்யாணப் பட்டுப்புடவையை மொட்டை மாடிக் கொடியில் காற்றாடப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் புடவை இல்லை. அழுதுகொண்டே கடைக்கு வந்தார். சாமான் வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். போலீசெல்லாம் எதற்கு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம்.

மேலே போய், மாடிக் கதவைச் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்துவிட்டுத் தரையில் குந்தினோம். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்ததில் தரையெங்கும் மெல்லிய சாம்பல். அதில் வெறுங்கால் தடம் ஒன்று கொடிவரை போய்த் திரும்பியிருந்தது. அண்ணாச்சி கீழே ஓடிப்போய் இஞ்ச் டேப் கொண்டுவந்து அளந்தார். நான் நோட்டில் குறித்தேன். சின்னப் பாதம், குதிகாலில் வெடிப்பு. செருப்பில்லாமல் மாடியேறுவது ஒரே ஆள்தான். வியாசர்பாடியிலிருந்து வந்து, மாடியும் படிக்கட்டும் கூட்டி, இதே கட்டடத்தில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் அக்கா. மாடியைக் கூட்டுகிறவரின் கால்தடம் மாடியில் இருப்பதைக் கண்டுபிடித்ததற்காக எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அவரிடமே போய்க் கேட்டுவிடலாமா என்றேன்.

"அவசரப்படாதிய. ஆளு உஷாராயிரும்" என்றார் அண்ணாச்சி.

நாவலிலும் அப்படித்தான் செய்வார்கள். அக்கா வேலை முடித்துக் கிளம்பும்வரை காத்திருந்து, வீட்டு ஓனரிடம் போய்த் தடயங்களை அடுக்கினோம். அவர் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, திருட்டுக் கையோடு இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். நான்கு வீட்டு வேலையும் அந்த ஒரு போனில் போயிற்று.

மறுநாள் காலை அந்தப் பெண் துணி காயப்போட்டுவிட்டு மாடிக் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் ஆணியில், புடவையோடு கொடியில் கிடந்த அவருடைய தலையணை உறை தொங்கிற்று. அதற்குள் பட்டுப்புடவை, சாம்பல் படாமல், மடித்தபடி.

காற்று திரும்பிச் சாம்பல் விழத் தொடங்கினால், யார் வீட்டுத் துணியானாலும் பார்த்தவர் எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எத்தனையோ முறை நானே மாட்டியிருக்கிறேன். என் சுடிதார்களை அக்கா மாட்டியிருக்கிறார். நாவல் படித்துப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பெருக்குகிறவள்தான் எடுத்திருப்பாள் என்கிற நினைப்பு அந்தப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே எனக்குள் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே குமட்டுகிறது.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்க அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம். புடவை கிடைத்ததே எங்கள் விசாரணையால்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கங்கெட்ட மனிதர்.

வேறு வேலை தேடி அலைந்துவிட்டு டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த அக்காவை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். ஓனர் திரும்ப வரச் சொல்கிறார், தடயம் அப்படி இருந்தது, அதனால்தான் என்று ஏதேதோ உளறினேன். அவர் கத்தவில்லை. அந்த வீடுகளுக்கு இனி வருவதாக இல்லை என்றார்.

"நீங்க மேல போசொல்ல நா படிக்கட்டுலதான் கூட்டிகினு இருந்தேன். இன்னா தேட்றீங்கன்னு எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் என்னியத் தாண்டித்தான் போனீங்க. ஒதுங்கி வழி வுட்டேன். ஒரு வார்த்த என்னிய கேட்டிருந்தா இன்னாம்மா?"