மூட்டையின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி

மதுரையில் இருந்த அந்தப் பெரிய பெண்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லும்போது எங்கள் மாமா குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். கோயில் வாசலில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி, அது அவருக்குத் தானாக வரும். மாமா என் அம்மாவின் தம்பி. போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்தார். எனக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்த தகவல் வந்த அன்று கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தவர், தெருமுனையிலிருந்தே கத்தினார்.

"மச்சான், நம்ம பிள்ளைக்கு எட்டு மில்லி கிடைச்சிருச்சு!"

காய்ந்த ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத்தான் ரகம் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் கண்ணுக்குள் விழாமல் மேலே நிற்கிற காய் முதல் ரகம். எங்கள் ஊரில் மாப்பிள்ளை, மாடு, மச்சு வீடு எல்லாவற்றுக்கும் அந்தச் சல்லடைதான். இப்போது கல்லூரிக்கும் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிளஸ் டூ வந்த புதிது. அப்பாவுக்குப் போடிமெட்டுக்குப் போகிற சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. வாரம் முழுக்க மலையில் கிடப்பார். சனிக்கிழமை யாருடைய ஜீப்பிலாவது தொற்றிக்கொண்டு இறங்குவார். அவர் சட்டையில் புகையும் ஏலமும் கலந்த வாசம் எப்போதும் இருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறப் போகிற முதல் ஆள் நான்தான். பெண்ணாக வேறு பிறந்திருந்தேன். அதனால் தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவும் நானும் காலை ரயிலில் மதுரைக்குப் போனோம். அந்தக் கல்லூரியை முதன்முதலாகப் பார்த்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காத கல்தூண்கள். வெயில் உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றுவிட்டது போல அப்படி ஒரு குளிர்ச்சி. நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகங்களை எடுக்க ஏணி வைத்திருந்தார்கள். ஏணி போட்டு ஏற வேண்டிய அளவுக்கு உலகத்தில் புத்தகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நாலைந்து பெண்கள் இங்கிலீஷில் சிரித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். சிரிப்புகூட இங்கிலீஷில் இருந்ததாக எனக்குப் பட்டது. இங்கேதான் படிக்க வேண்டும், செத்தாலும் இங்கேதான் என்று அந்த ஏணியைப் பார்த்தபடியே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா அங்கே இருந்த நேரம் முழுக்கச் செருப்பைக் கையில் வைத்திருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ரயில் உசிலம்பட்டியைத் தாண்டியது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ஏத்தா, நான் அங்க ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேக்க என்னப்பா இருக்கு? அதான் பாத்தோம்ல."

"பாத்தது மூட்டையைத்தான. காயை எங்க பாத்தோம்?"

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது, எரிச்சலும் வந்தது. மாமா கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மூட்டையின் வாயில் பச்சைப் பசேலென்று காய் நிற்கும். வாங்க வருகிறவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். சிலர் நல்ல காயை மேலே பரப்பிவிட்டு, அடியில் உள்ளே ஒன்றுமில்லாத பொக்குக் காயை வைத்து அனுப்புவது உண்டு. இப்படி அடிக்கை போடாமல் மூட்டை எடுத்தவனை ஊரே கேலி செய்யும். பெரிய ஆள் கொண்டுவந்த சரக்காக இருந்தாலும் சரி, அடிக்கை போடுவதில் யாருக்கும் கோபம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மாமாவிடம் சொன்னார்: "இன்னொரு காலேஜுக்கும் மனு போட்டிருக்குல்ல, அதையும் போய்ப் பாத்துட்டு வர்றோம்."

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தப் பஞ்சு கோடவுனா? ஏன் மச்சான், சோலி இல்லாமப் போச்சா? பேரைச் சொன்னா அடுத்த ஊர்ல ஒரு பயலுக்குத் தெரியாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டா என்னன்னு சொல்லுவீக?"

"மாப்ளே, நீ என்னைக்காவது பேரைக் கேட்டு மூட்டை எடுத்திருக்கியா?"

மாமா வெற்றிலையை மென்றுகொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மாமா பக்கம்தான் மனசு. என் ஏணி கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. மதுரையில் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் இரண்டு பஸ் மாறி அந்தச் சின்னக் கல்லூரிக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு ஆசிரியை, எதற்கும் இருக்கட்டும் என்று மனு போடச் சொன்ன இடம் அது. மாமா பொய் சொல்லவில்லை. அது பழைய பஞ்சு கோடவுன்தான். உத்தரத்தில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது, ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு மட்டும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா செருப்பைக் கழற்றவில்லை. நேரே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். அங்கே மெலிந்த கறுத்த பெண் ஒருத்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் மை.

"ஆத்தா, இங்கதான் படிக்கிறியா? போன வாரம் என்ன சொல்லிக் குடுத்தாக?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் சட்டையை மோந்து பார்த்தாள். உண்மையாகவே மோந்து பார்த்தாள். "பெரியப்பா ஏலக்காயா?" என்றாள். அவள் சரித்திரம் படிக்கிறவள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் மலைச் சரக்கு கடல் தாண்டிப் போனதையும், அந்தக் கரையில் ராஜாக்கள் அதற்காகத் தங்கத்தைக் கொட்டியதையும் குழாயடியில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

"நம்ம மலைச் சரக்கா? கப்பல்லயா?" என்றார் அப்பா.

"நம்ம மலைதான் பெரியப்பா. வாங்க, இன்னொண்ணு காட்டுறேன்."

எங்களை ஒரு தடுப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அது தாவரவியல்காரர்கள் இடம். ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மேஜையில் கிடந்த ஏலப்பூ ஒன்றை எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தாள். மழை ஆரம்பித்துச் செடிகள் பூத்திருந்த காலம்; மலையிலிருந்து வருகிற மாணவி யாரோ கொண்டுவந்தது. அப்பா குடையை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

பிறகு நான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற பூ. வெள்ளை இதழில் ஊதாக் கோடு இருப்பது எனக்குத் தெரியாதா? ஆனால் லென்சுக்குள் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் மலைச்சாலை மாதிரி வளைந்து இறங்கி, பூவின் கழுத்துக்குள் போய் ஒன்றாகச் சேர்ந்தன.

"அது தேனீக்குப் போட்ட ரோடு பெரியப்பா. அதைப் பிடிச்சுத்தான் உள்ள போகும். அது உள்ள போனாத்தான் உங்களுக்குக் காய்."

"இத்தனை வருசமா அதைச் சும்மா அழகுக்குன்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றார் அப்பா. குரல் மாமாவின் கோயில் குரல் மாதிரி இறங்கியிருந்தது. "ஏன் ஆத்தா, நீ சரித்திரம்னு சொன்னியே, இது எப்படித் தெரியும்?"

அவள் தடுப்பைத் தட்டிக் காட்டினாள். "இதுதான் பெரியப்பா காரணம். நாங்க இந்தப் பக்கம் அக்பர் படிச்சா அந்தப் பக்கம் பூ வருது. அதுக்கு அங்கிட்டு தமிழ். எல்லாம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும்."

மணி அடித்தது. அவள் ஓடிவிட்டாள். நான் அந்தத் தடுப்பருகில் நின்று கேட்டேன். இடப்பக்கம் யாரோ ஒரு பழைய பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் விலைவாசி ஏன் ஏறுகிறது என்று ஒரு பெண் ஆசிரியையிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பிச் சண்டை போட்டார். எதைக் கேட்பது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏணி போட்டு ஏற வேண்டியதெல்லாம் இங்கே பலகைக்கு மேலாக வந்து காதில் விழுகிறது என்று தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அப்போது தெரியாது.

அப்பாவுக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை. வியாபாரம் பார்த்த மனசு. முதல்வர் அம்மாவின் அறைக்குப் போனோம். அதுவும் ஒரு தடுப்புக்குள்தான்; ஜன்னல் வழியாகக் குழாயடி தெரிந்தது. அவர் வெளியூர்க்காரர், நடு வயது. அப்பா உட்காராமல் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீகம்மா. குழாய்க்கிட்ட ஒரு பிள்ளை பேசுச்சு. தங்கமான பிள்ளை. ஆனா அது மேல்காய். நல்லதாப் பாத்து வாசல்ல நிறுத்தியிருப்பீக. அடியில இருந்து ஒண்ணைக் காட்டுங்க."

முதல்வருக்குப் புரியவில்லை. அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். இல்லாத ஒரு மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, அந்த அம்மாவின் மேஜைமேல் விரித்துக் காட்டினார். நான் தடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

முதல்வர் முதலில் சிரித்தார். பிறகு அந்தக் காலி மேஜையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்.

"அடியிலிருந்துதானே எடுத்திருக்கீங்க. நீங்க பேசின பொண்ணுக்குப் போன வருஷம் ரெண்டு பேப்பர் போச்சு. இப்போதைக்கு எங்ககிட்ட மார்க்குல கடைசி அவதான்."

அப்பா சுருட்டிய கையை இறக்கிவிட மறந்து நின்றார்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது, "நீயே சொல்லு ஆத்தா. படிக்கப் போறவ நீ," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஓடிவந்தாள். அப்பா மறந்து வைத்துவிட்டு வந்த குடை அவள் கையில் இருந்தது. குடையை அவரிடம் கொடுத்துவிட்டு என் தோளில் தட்டினாள். "வந்துரு. நல்லாருக்கும்," என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். அவளுக்குத் தன்னைப் பற்றி உள்ளே என்ன பேசினோம் என்று தெரியாது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தபோது அப்பாவிடம் இங்கேயே சேருகிறேன் என்று சொன்னேன்.

மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தபோது 'கோடவுன் பட்டதாரி' என்று பெயர் வைத்தார். கல்யாண வீடுகளில் எந்தக் காலேஜ் என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும், ஓகோ என்று இலையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். மதுரைத் தூண்கள் கனவில் வந்ததும் உண்டு. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பெரிய கல்லூரியில் நாங்கள் அடிக்கை போடவே இல்லை. அங்கேயும் அடிவரைக்கும் நல்ல காயாகவே இருந்திருக்கலாம். பெயர் பெரிதாக இருக்கிற இடத்தில் கையை உள்ளே விட யாருக்கும் தைரியம் வருவதில்லை, அவ்வளவுதான்.

நான் பொருளாதாரம் எடுத்தேன். மூன்றாம் வருஷம் தொடங்கிய நேரத்தில் முந்தின வருஷத்து ரிசல்ட் வந்தது; புள்ளியியல் என்னைக் கவிழ்த்துவிட்டிருந்தது. ஒரு பேப்பர் போச்சு. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த நாளில், குழாயடியில் ஒருவர் மகளோடு வந்து நின்றார். ராசிங்காபுரத்து விவசாயி. நிலக்கடலை போடுகிறவர்.

"ஏம்மா, போன வாரம் என்ன படிச்சீக?" என்றார்.

யார் சொல்லி அனுப்பியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா சந்தைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் கவலையை மறந்து பேசினேன். கடலைச் செடியின் வேரில் இருக்கிற முடிச்சுகள் எப்படிக் காற்றிலிருந்து உரம் பிடிக்கின்றன என்று சொன்னேன். அதைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டிருந்தேன். அந்த மனிதர் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் என் மை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் வகுப்புக்கு ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில், தடுப்புக்கு மேலாக, முதல்வர் அறையிலிருந்து அந்த விவசாயியின் குரல் கேட்டது.

"போடிக்காரர் சொன்னாரும்மா. அடியில இருந்து ஒண்ணைப் பாக்கணுமாம்."

"பாத்துட்டீங்களே," என்றார் முதல்வர். "இப்ப உங்ககிட்ட பேசிட்டுப் போனாளே, இந்த வருஷம் அவதான் கடைசி."

என் வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. முகம் பற்றி எரிந்தது. அந்தப் பக்கம் அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப எம்பிள்ளையச் சேத்துக்கங்கம்மா," என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நெஞ்சு விம்மியது. முதல் பரிசு வாங்கியிருந்தால்கூட அப்படி விம்மியிருக்காது.

அப்போதுதான் குடையோடு ஓடிவந்த அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அன்றைக்கும் இதே தடுப்புதான் இருந்தது. அவளும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, என் தோளில் தட்டி வரச் சொல்லியிருக்கிறாள்.