சூடம் மணத்த டி.வி. பெட்டி

சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கியபோது, இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தது. நான் மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க வந்தவனல்ல. ஆவடியில் குடியிருக்கும் என் தங்கை கிரேஸ், கும்பிடும் சாமியை மாற்றிவிட்டாளா என்று பார்க்க வந்தவன்.

சாத்தான்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் அண்ணாச்சி, மகன் வேலை விஷயமாக மெட்ராஸ் வந்தபோது கிரேஸ் வீட்டுக்கும் போயிருக்கிறார். திரும்பி வந்ததும், "ஒந் தங்கச்சி வீட்ல சூடம் கொளுத்துதாவடே" என்று கோவில் வாசலில் வைத்தே சொன்னார். கோவில் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் அது சர்ச்தான். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாக இருந்தால் கையோடு ஊருக்குக் கூட்டி வந்துவிடு என்பது அவள் உத்தரவு.

எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கேட்டார். எட்டுக்குப் பேசினேன். "இன்னா சார், அந்த ரெண்டு ரூபால மாடி ஊடா கட்டப்போற?" என்று கேட்டுக்கொண்டே ஏற்றிக்கொண்டார். சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், புறநகர் ரயில். வில்லிவாக்கம், அம்பத்தூர் என்று நிலையத்துக்கு நிலையம் சாப்பாட்டுத் தூக்கோடு ஆட்கள் இறங்கினார்கள். ஆவடியில் பூந்தமல்லி பஸ் பிடித்து, பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் இறங்கினேன். ஐந்தாறு ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. கோடி வீடு தங்கையுடையது. மற்ற வீட்டுக்காரர்கள் முன்பு இங்கேயே வயல் வேலை செய்தவர்கள். வயலெல்லாம் மனையாகிவிட்டதால், ஆண்கள் இப்போது அம்பத்தூர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள்.

"வாங்கண்ணே" என்று கிரேஸ் பையை வாங்கினாள். மாப்பிள்ளை பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் ஞாயிறும் அவருக்கு ஓவர்டைம்.

உட்காரப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் பைபிள் வசனக் காலண்டர். அதற்கு நேர் கீழே டி.வி. பெட்டி. அதன் நெற்றியில் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். தரையில் சூடம் எரிந்த கறுப்பு வட்டம். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை.

"என்னட்டி இது?"

"அது டி.வி.க்கு வச்சதுண்ணே. எனக்கில்ல."

ஞாயிறு காலையில் வரும் இந்திப் புராணத் தொடரைத்தான் சொன்னாள். அந்த வரிசையில் டி.வி. இவள் வீட்டில் மட்டும்தான். சாமி திரையில் வந்ததும் பெண்கள் சூடம் காட்டுவார்களாம். அந்த நேரத்தில் இவள் கோவிலில் இருப்பாளாம். சாவி எதிர்வீட்டுக் கன்னியம்மாவிடம்.

"வந்ததும் தொடச்சிருவேன். போன வாரம் மறந்துட்டு."

வேறு தெய்வம் கூடாது என்பதுதானே பைபிளில் முதல் கட்டளையே என்று கத்தினேன். நாளைக்கு ஒருத்தரும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, நீயே நின்று சொல்ல வேண்டும், நானும் உட்கார்ந்திருப்பேன் என்றேன். கோவில் நேரமாயிற்றே என்று இழுத்தாள். ஒரு வாரம் போகாவிட்டால் குடி முழுகாது என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்.

ஞாயிறு காலை நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் தலை குளித்து, பூ வைத்து, பிள்ளைகளோடு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் கையில் சூடத் தட்டு. அவள்தான் கன்னியம்மா. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே நின்ற கிரேஸைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சர்ச்சுக்குப் போவல?"

கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப டி.வி. வாணாம்" என்று திரும்பி, "வாங்கடி போலாம்" என்றாள். பின்னால் நின்ற பிள்ளைகள் சிணுங்கின.

விரட்டுவதற்காக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததற்கெல்லாம் வேலை இல்லாமல் போயிற்று. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"உங்களுக்குத் தெர்யாதா அண்ணாத்தே? இந்தக் கதை போட ஆரம்பிச்சப்ப அக்காவும் எங்க கூடக் குந்திகினு பாத்துச்சி. சர்ச்சுக்கே போவல. மொதல்ல எங்களுக்கும் குஷியாத்தான் இருந்துச்சி. அப்பறம் எனக்கு மனசு கேக்கல. அக்கா அதோட சாமிய உட்டுட்டு எங்க சாமியப் பாத்துகினு கீதே, அதோட சாமி எங்கள இன்னா நெனைக்கும்? நீ போனாத்தான் நாங்க வருவோம்னு சொல்ட்டேன்."

தங்கையைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. "நெசந்தாண்ணே. இவுக சொல்லலன்னா நான் அப்படியே இருந்திருப்பேன்."

அவள் உண்மையிலேயே வழுக்கியிருக்கிறாள். அதை அண்ணாச்சியும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் தெரியாது. பிடித்துத் திருப்பியது சூடத் தட்டோடு நிற்கும் இந்தப் பெண்.

"நீங்க இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீறீங்க அண்ணாத்தே? நீங்களும் சர்ச்சுக்குப் போறவருதானே?"

எழுந்து நாற்காலியை உள்ளே போட்டேன். கிரேஸ் சேலை மாற்றிக்கொண்டு வந்து கன்னியம்மாவிடம் சாவியைக் கொடுத்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பிரசங்கம் முடிந்திருந்தது. மீதியில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. திரும்பி வந்து ஈரத்துணியால் டி.வி.யின் பொட்டைத் துடைத்தவன் நான்தான். வீடெல்லாம் சூட வாசனை. கிரேஸை ஊருக்குக் கூப்பிடவில்லை. அன்று மாலையே தனியாக ரயிலேறினேன்.

அடுத்த ஞாயிறு சாத்தான்குளத்தில் கோவிலின் இரண்டாம் மணி அடித்துவிட்டது. வேகமாகப் போய்க்கொண்டிருந்த என்னை ஆசீர்வாதம் அண்ணாச்சி தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். பனியனோடு நின்றிருந்தார்.

"போன காரியம் என்னாச்சிடே? சூடம் உண்டா, இல்லியா?"

உள்ளே அவருடைய புது டி.வி.யில் சங்கு ஊதுகிற சத்தம். அதே தொடர்.

"அண்ணாச்சி, கோவிலுக்குப் போகலியா?" என்று கேட்டேன்.

"சாயங்கால ஆராதனைக்குப் போயிக்கிடலாம்டே. நீ உள்ள வா, இப்பந்தான் ஆரம்பிச்சிருக்கு."

எட்டிப் பார்த்தேன். டி.வி. நெற்றியில் பொட்டு இல்லை, தரையில் சூடக் கரி இல்லை. நீ கோவிலுக்குப் போனால்தான் நாங்கள் வருவோம் என்று அவரிடம் சொல்ல, எதிர்வீட்டில் கன்னியம்மாவும் இல்லை.